பின்னோக்கிப் போன தோணி

நான்கு இழுவைப் படகுகளும் முன்னால் பார்த்துத்தான் ஓடின. அவற்றின் பின்னால் கட்டியிருந்த தோணி மட்டும் மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

லயோனல் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வாத்துகளுக்கு ரொட்டி போடக்கூடாது என்று நகரசபை நட்டு வைத்திருந்த பலகையை அடையாளமாக வைத்துக்கொண்டார். சந்தேகமே இல்லை. சற்று முன் தோணியின் முன்பக்கம் பலகைக்கு நேராக இருந்தது. இப்போது ஓர் அடி பின்தங்கிவிட்டது.

"என்ன வாத்தியாரே, திருப்பி வீட்டுக்கே கொண்டுபோய் விடுறியா?" என்று தோணிக்குள்ளிருந்து கத்தினார் க்ளைவ்.

க்ளைவ், லயோனலின் தங்கை ஆட்ரியின் கணவர். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. இறைச்சிக் கடை நடத்தி ஓய்ந்தவர். லயோனலின் படகுகளைக் கிண்டல் செய்யாமல் அவர் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தும் நடந்ததில்லை. "குளிக்கிற தொட்டியில இப்ப என்ன மிதக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் வான்கோழியில் கத்தி வைப்பார்.

வரும் சனிக்கிழமை பூங்காவில் கோடைத் திருவிழா. கடலில் தவிப்பவர்களை மீட்கும் தொண்டர்களுக்கு நிதி திரட்டுவதற்காக, மாடல் படகுக் கிளப் ஒரு வித்தை காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. கையில் தூக்கிவிடக்கூடிய நான்கு பேட்டரிப் படகுகள் சேர்ந்து நிஜத் தோணி ஒன்றை ஆளோடு அக்கரைக்கு இழுத்துப் போக வேண்டும். ஆள் எவ்வளவு கனமோ அவ்வளவு கைதட்டல் என்று கிளப் செயலாளர் மேவிஸ் சொன்னாள். கனமான ஆள் என்றதும் லயோனலுக்கு ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. அப்படித்தான் க்ளைவ் இந்தப் புதன்கிழமை காலை, ஒத்திகைக்காக, உடம்பில் உயிர்காப்புச் சட்டையோடு தோணியின் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தார்.

லயோனல் இந்த மாதிரி வேலையைக் குருட்டுத்தனமாகச் செய்பவர் அல்ல. நகரத்துப் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவதே அவருடைய உத்தியோகமாக இருந்தது. எந்தப் பஸ் எந்த மேட்டில் எவ்வளவு திணறும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடுவார். அதே கண்ணோடுதான் படகையும் பார்த்தார். ப்ரொப்பெல்லரின் விட்டம் என்ன, ஒரு சுற்றுக்கு அது தண்ணீரில் எவ்வளவு தூரம் முன்னேறப் பார்க்கும், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதை வைத்து, இழுவை இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடுவார். விட்டத்தைத் துளி கூட்டினாலும் மின்சாரம் தாறுமாறாக ஏறும் என்பதைக் கிளப்பில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அலுக்கவைத்தவர் அவர். பலர் மோட்டாரைக் கருக்கிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

இந்த வித்தைக்கும் கணக்குப் போட்டிருந்தார். போட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படகையும் கரையில் கட்டி, மீன் நிறுக்கும் கொக்கித் தராசை நடுவில் மாட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் இழுத்தது. போன வாரம் மணல் மூட்டைகளை ஏற்றிய இதே தோணியை அவருடைய சிவப்புப் படகு தனியாளாக, நீளமான துணிக்கயிற்றில், ஏரியில் பாதி தூரம் இழுத்துப் போயிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் இழுத்தது. தோணி நகர ஆரம்பித்ததும் படகை ஓட்ட அவர் கையில் வைத்திருந்த ரிமோட் கண்ட்ரோலின் திரையில் ஆம்பியர் எண் இறங்கியது. அதுவும் அவர் எதிர்பார்த்ததுதான். கட்டிப்போட்ட படகு அதிக மின்சாரம் குடிக்கும். ஓடத் தொடங்கினால் ப்ரொப்பெல்லரின் சுமை தளர்ந்து குறைவாகக் குடிக்கும்.

ஒன்று இழுத்ததை நான்கு இழுக்க மாட்டேன் என்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

"பேட்டரி தீந்துபோச்சோ என்னவோ," என்றாள் மேவிஸ். அவளும் ஒரு கண்ட்ரோலைப் பிடித்திருந்தாள்.

"எல்லாம் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டது."

"பாசி சுத்தியிருக்கும், கண்ணு."

நான்கையும் கரைக்கு வரவழைத்தார்கள். ஒரு ப்ரொப்பெல்லரிலும் பாசியில்லை. அன்று காலை வந்ததும், போன வாரம் போலவே நீளக் கயிறுகளில்தான் முதலில் கட்டிப் பார்த்திருந்தார்கள். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கயிறு பின்னிக்கொண்டதால், லயோனல்தான் கயிறுகளை ஒரு முழமாகக் குறைத்து, தோணியின் சப்பையான முன்பக்கத்தில் ஒரு கட்டையை வைத்து, வரிசையாகக் கட்டியிருந்தார். பார்க்கக் குதிரை வண்டி மாதிரி அழகாக இருந்தது. மறுபடி ஓடவிட்டார்கள். நுரை பொங்கியது. சத்தம் கேட்டு இரண்டு வாத்துகள் விலகிப் போயின. தோணி நின்ற இடத்திலேயே நின்று, எதிர்க்காற்று கொஞ்சம் வீசியதும் பின்னால் போனது.

லயோனல் கண்ட்ரோலின் சின்னத் திரையைப் பார்த்தார். ஏழு ஆம்பியர். கரையில் கட்டிப்போட்டு நிறுத்திப் பார்த்தபோது வந்த அதே எண். துளிகூட இறங்கவில்லை.

மீட்டர் சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான். தோணியை யாரோ பிடித்து நிறுத்துகிறார்கள். தோணியில் இருப்பது ஒரே ஆள்.

"க்ளைவ்!" என்றார். "கைய தண்ணியிலேருந்து எடு."

"என்னது?"

"கைய விட்டுப் புடிச்சிட்டிருக்க. இல்ல துடுப்பை அந்தப் பக்கம் ஊனியிருக்க. என்கிட்ட மீட்டர் இருக்கு. மீட்டர் பொய் சொல்லாது."

கரையில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். க்ளைவ் சிரிக்கவில்லை. அவருடைய சிவந்த முகம் இன்னும் சிவந்தது.

"நான் ஏண்டா புடிக்கணும்?"

"எதுக்குன்னா, சனிக்கிழமை ஊரே பாக்கும்போது என் படகு ஓடாம நிக்கணும். அதுக்குத்தான். அப்புறம் வர்ற கிறிஸ்துமஸ் எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லிச் சிரிக்கலாம்ல?"

"லயோனல், விடு," என்றாள் மேவிஸ்.

க்ளைவ் கயிற்றைப் பிடித்துத் தோணியைக் கரைக்கு இழுக்கச் சொன்னார். இறங்கும்போது கால் வழுக்கி முழங்கால்வரை தண்ணீரில் போனது. யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி, உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, ஷூவில் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தமிட, பூங்கா வாசலை நோக்கி நடந்தார்.

மத்தியானம் ஆட்ரியிடமிருந்து போன் வந்தது.

"அவர்கிட்ட என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

"வந்ததிலேருந்து தோட்டத்துக் கொட்டகைக்குள்ள உக்காந்திருக்கார். சாப்பிடக்கூட வரல. பன்றிக்கறி 'பை' சுட்டு வச்சிருந்தேன், அப்படியே இருக்கு. அவர் சாப்பிடாம இருந்து நான் பாத்ததே இல்ல, லயோனல்."

"ஆட்ரி, ஏழு ஆம்பியர்னா என்னன்னு உனக்குத் தெரியாது. படகு நகர்ந்திருந்தா அது அஞ்சுக்கு வந்திருக்கணும்."

"எனக்கு உன் ஆம்பியர் தெரியாதுதான். அவரைத் தெரியும்." போன் வைக்கப்பட்டது.

லயோனல் குளியலறைக்குப் போனார். தொட்டியை நிரப்பி, சிவப்புப் படகைக் குழாயில் கட்டி ஓடவிட்டார். மீட்டர் ஆறைக் காட்டியது. ஏழு வரவேண்டிய இடத்தில் ஆறு! அது எப்படி? அடித்த தண்ணீர் தொட்டியின் அந்தக் கோடியில் மோதி, பக்கவாட்டில் சுழன்று, திரும்பப் படகை நோக்கியே வந்துகொண்டிருந்தது. வருகிற தண்ணீரில் ப்ரொப்பெல்லருக்கு வேலை குறைவு என்று விளக்கம் சொல்லிப் பார்த்தார். அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஏரியில் நடந்ததற்கு அது விளக்கமாகவில்லை. ப்ரொப்பெல்லரை மாற்றினார். சின்னது போட்டார், மீட்டர் இறங்கியது. பெரியது போட்டார், ஏறியது. எல்லாம் கணக்குப்படியே நடந்தது. அதுதான் அவரை வதைத்தது. எங்காவது ஓரிடத்தில் கணக்கு தப்பியிருந்தால் அதைப் பிடித்துத் தொங்கலாம். ஒன்றும் தப்பவில்லை, தோணி மட்டும் நகரவில்லை என்றால், க்ளைவ்தான் பிடித்திருக்க வேண்டும். ஆனால் பிடித்தவன் எதற்குச் சாப்பிடாமல் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறான்? பிடித்தவன் சிரித்திருக்க வேண்டுமே?

குளியலறைத் தரையெல்லாம் தண்ணீர். அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை நல்ல வெயில். பேண்டு வாத்தியம், ஐஸ்கிரீம் வண்டி, நாய் அழகுப் போட்டி என்று பூங்கா நிரம்பியிருந்தது. க்ளைவ் வரவில்லை. அவருக்குப் பதிலாக மேவிஸே தோணியில் ஏறிக்கொண்டாள். கனம் போதாது என்று இரண்டு மணல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டாள். "என்னைப் பாத்து யாராவது வயச கேட்டா சொல்லுங்க, எடைய மட்டும் சொல்லிடாதீங்க," என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நான்கு பேர் நான்கு கண்ட்ரோலோடு நின்றார்கள். லயோனல் தலையசைத்தார். மோட்டார்கள் உறுமின. நுரை பொங்கியது.

தோணி நகரவில்லை.

கூட்டத்தில் யாரோ, "முதல்ல நங்கூரத்த எடுங்கப்பா!" என்றார்கள். சிரிப்பு கரையெங்கும் பரவியது. லயோனல் திரையைப் பார்த்தார். ஏழு ஆம்பியர். மேவிஸின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ஊரே பார்க்க, வெட்டவெளிச்சத்தில், மடியில்.

க்ளைவ் பிடிக்கவில்லை.

அந்த ஒரு விஷயம் தெரிந்ததும் மற்ற எல்லாமே தெரியாமல் போய்விட்டது அவருக்கு. கணக்கு சரி, பேட்டரி சரி, ப்ரொப்பெல்லர் சரி, தோணியை யாரும் பிடிக்கவும் இல்லை. பின்னே என்னதான் நடக்கிறது? வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவராக அவரும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"லயோனல்!" மேவிஸ் கூப்பிட்டாள். "இங்க என்னமோ தட்டுது. என் காலுக்கு முன்னாடி, பலகைக்கு வெளியே. சலவை மெஷின் மேல உக்காந்த மாதிரி இருக்கு."

"எது தட்டுது?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சவன்!"

லயோனல் கண்ட்ரோலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். ஷூவோடும் பேண்ட்டோடும் ஏரிக்குள் இறங்கினார். அடியில் சேறு இழுத்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கூட்டத்தில் ஒருவர் விசிலடித்தார். லயோனல் தோணியின் முன்பக்கத்துக்குப் போய், ஏதாவது கட்டை கிட்டை சிக்கியிருக்கிறதா என்று, படகுகளின் வாலுக்கும் தோணியின் சப்பை முகத்துக்கும் நடுவே தண்ணீருக்குள் கையை விட்டார்.

உள்ளங்கையை ஏதோ பலமாகத் தள்ளியது. கட்டையில்லை. தண்ணீர். ப்ரொப்பெல்லர் பின்னால் அடிக்கும் தண்ணீர்.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் தள்ளியது. தீயணைப்புக் குழாயின் முன்னால் கையை வைத்தது போல. அவருடைய கை இல்லாதபோது அந்தத் தள்ளல் எங்கே போகிறது? நேராகத் தோணியின் முகத்தில். முன்னால் கயிறு எவ்வளவு இழுக்கிறதோ, பின்னால் தண்ணீர் அவ்வளவும் தள்ளுகிறது. ஒரு படகைச் சேர்த்தால் ஓர் இழுவையும் ஒரு தள்ளலும் ஒன்றாகவே கூடுகின்றன. நான்கல்ல, நாற்பது படகுகளைக் கட்டினாலும் தோணி இப்படியேதான் நிற்கும். ஒரு முழக் கயிறு. அழகாக இருக்கிறதென்று அவரே கட்டிய ஒரு முழக் கயிறு.

"என்னாச்சு, கண்ணு? முகம் வெளுத்துப் போச்சே?" என்றாள் மேவிஸ் மேலிருந்து குனிந்து.

"கயிறு," என்றார் லயோனல். "நீளக் கயிறு வேணும். ரெண்டு படகு போதும்."

அவருக்குப் பின்னால் யார் யாரோ ஓடினார்கள். கூடாரத்திலிருந்து கயிறு வந்தது. இரண்டு படகுகளை அவிழ்த்துவிட்டு, மீதி இரண்டைத் தோணியிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் பிரித்துக் கட்டினார்கள். மோட்டார்கள் உறுமின. கயிறுகள் தண்ணீரிலிருந்து எழுந்து நீர் சொட்ட விறைத்தன. தோணி யோசித்தது போல ஒரு கணம் நின்றது. பிறகு, நத்தை நகர்வது போல, முன்னால் போனது.

கைதட்டல் எழுந்தது. மேவிஸ் மகாராணி போலக் கையசைத்தாள். உண்டியல் குலுங்கிய சத்தம் தண்ணீர்மேல் கேட்டது. லயோனல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி தோணி போவதைப் பார்த்தார். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தோணி அக்கரையைத் தொடுமுன்னே கரையேறி, நனைந்த பேண்ட்டோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உக்காராம நின்னுக்கிட்டே வாங்க, ஐயா," என்றார்.

க்ளைவ் தோட்டத்தில் பீன்ஸ் கொடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். கேட் திறந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"நீ புடிக்கல," என்றார் லயோனல்.

"தெரியும். நான்தானே அங்க உக்காந்திருந்தேன்."

"தண்ணிதான் புடிச்சுது. அதாவது, ப்ரொப்பெல்லர் தண்ணியப் பின்னாடி தள்ளினாத்தான் படகு முன்னாடி போகும். அந்தத் தண்ணி வந்து உன் தோணியில மோதி, தோணிய…"

"தோணியத் தள்ளுச்சு."

"ஆமா."

"படகு இழுத்துச்சு, தண்ணி தள்ளுச்சு."

"ஆமா."

"இதைக் கண்டுபிடிக்க உனக்கு மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் நான் திருடன்." க்ளைவ் ஒரு குச்சியை மண்ணில் அழுத்தினார். அது சாய்ந்தது. பிடுங்கி மறுபடி நட்டார்.

லயோனல் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் இப்போது பொருந்தவில்லை. "தப்புதான்," என்றார். "எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது இன்னும் பெரிய தப்பு. மீட்டரப் பாத்தேன், உன்னப் பாக்கல."

க்ளைவ் நிமிர்ந்தார். "பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டு கையாலயும் தோணியோட ரெண்டு ஓரத்தையும் புடிச்சிட்டிருந்தேன். விரல் வலிச்சுது. தண்ணியில கைய விடறதாவது! எனக்கு நீச்சல் தெரியாது, லயோனல். கடற்கரைக்குப் போனாக்கூட நான் கால் நனைக்க மாட்டேன். ஆட்ரிக்கே அது தெரியாது. முதுகு வலின்னு சொல்லித் தப்பிச்சிடுவேன்."

லயோனலுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் ஏன் ஏறின? மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே? உன்ன யாரு கட்டாயப்படுத்தினா?"

"யாரும் இல்ல. நீ கேட்ட."

"நான் கேட்டேன்னா?"

"இத்தனை வருஷத்துல நீ என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. உப்பக்கூட ஆட்ரிகிட்டதான் கேப்ப." க்ளைவ் அடுத்த குச்சியை எடுத்தார். "முதல் தடவையா ஒண்ணு கேட்ட. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

இந்த மனிதர் தன்னைப் பிடிக்காமல்தான் இத்தனை காலம் கிண்டல் செய்கிறார் என்று லயோனல் நினைத்திருந்தார். அதை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. இப்போது அந்தக் கிண்டல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வேறு பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் சரியான பக்கம் என்று தெரியவில்லை.

பின்கதவு திறந்து ஆட்ரி எட்டிப் பார்த்தாள். "லயோனல்! என் செடி மேலெல்லாம் ஏரித் தண்ணி சொட்டுது. உள்ள வா. அவரோட பேண்ட் ஒண்ணு தரேன், மாத்திக்க."

"அவனுக்கு என் பேண்ட் கூடாரம் மாதிரி இருக்கும்," என்றார் க்ளைவ். அது கிண்டலா, சமாதானமா, இன்னும் மீதமிருக்கும் கோபமா என்று லயோனல் அவருடைய முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பெல்ட் ஒண்ணும் வேணும்," என்றார் லயோனல். சற்றுத் தயங்கி, "க்ளைவ், உன்கிட்டதான் கேக்கறேன்," என்றார்.

க்ளைவ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, பெல்ட் எடுக்க வீட்டுக்குள் போனார்.